டீக்: மழைக்காகக் கட்டிய அரண்மனை

டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்று வடக்கே சுற்றுலா போகிறவர்கள் எல்லாரும் டீக் ஊருக்குப் பக்கத்தில்தான் போகிறார்கள். ஆனால் உள்ளே வருகிறவர்கள் குறைவு. பரத்பூரிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். கிருஷ்ண பக்தர்கள் கிரிவலம் வரும் கோவர்தனத்திலிருந்து இன்னும் கிட்ட, 15 கிலோமீட்டர் அளவுதான். ராஜஸ்தான் மாநிலம்தான் என்றாலும் பாலைவனத்துக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமில்லை. இது விரஜ பூமி, கண்ணன் வளர்ந்ததாகச் சொல்லும் மதுரா வட்டாரம். பேச்சும் பாட்டும் மதுரா பக்கத்துச் சாயல்தான். 2023-இல் டீக்கைத் தனி மாவட்டமாக்கினார்கள். அதற்கு முன் பரத்பூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூராக இருந்தது. இப்போதும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கிறது: குறுகலான கடைத்தெரு, மாட்டு வண்டிக்கும் டிராக்டருக்கும் நடுவே சைக்கிள், திடீரென்று வீடுகளுக்கு மேலே தலைநீட்டும் ஒரு கோட்டைச் சுவர்.

இந்த ஊரில் இரண்டு ஏரிகள், அவற்றின் நடுவே அரண்மனைகள், கொஞ்சம் தள்ளி ஒரு கோட்டை. மேற்கே கோபால் சாகர், கிழக்கே ரூப் சாகர். ஏரி என்று சொன்னாலும் இரண்டும் மனிதர்கள் வெட்டிக் கரைகட்டிய நீர்நிலைகள்தான். நான் இங்கே எழுத நினைப்பது அந்த நீரைப் பற்றி. டீக்கைப் பற்றிப் படித்தவற்றில் பெரும்பாலானவை மண்டபங்களின் பெயர்ப் பட்டியலையும் அரசர்களின் வரிசையையும் கொடுத்துவிட்டு, நீரூற்றுகள் அழகானவை என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கின்றன. அங்கே போய் நின்று பார்த்தபோது எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. இங்கே முதலில் யோசித்தது நீரை. மண்டபங்கள் அந்த நீரை உட்கார்ந்து பார்க்க, கேட்க, அதில் நனையக் கட்டியவை.

முதலில் இதைக் கட்டியவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஔரங்கசீப்புக்குப் பிறகு மொகலாய ஆட்சி தளர்ந்த காலத்தில், ஆக்ராவுக்கும் டெல்லிக்கும் இடையே இருந்த ஜாட் விவசாயக் குடிகள் தலையெடுத்தார்கள். அவர்களில் பதன் சிங் என்பவருக்கு 1722-இல் ஜெய்ப்பூர்ப் பக்கத்து ஆம்பேரின் அரசர் ஜெய் சிங்கின் ஆதரவோடு தலைமைப் பதவி கிடைத்தது. அவர் தலைநகராக்கிய ஊர் டீக். அவருக்குப் பின் வந்தவர் சூரஜ் மல். ஜாட் மக்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் பெயர் அதுதான். தலைநகரைப் பரத்பூருக்கு மாற்றியவர் அவர்தான். ஆனாலும் டீக்கை அவர் விட்டுவிடவில்லை. பரத்பூர் ஆட்சிக்கும் போருக்குமான ஊர் என்றால், டீக் கோடையைக் கழிக்கவும் கொண்டாடவுமான ஊர். நாம் இன்று பார்க்கும் அரண்மனைத் தொகுதியில் பெரும்பகுதி அவர் காலத்தது, அதாவது 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. பதன் சிங்கின் பழைய அரண்மனை தெற்கே தனியாக நிற்கிறது. புரானா மஹல், பழைய அரண்மனை, என்றே அதற்குப் பெயர்.

ஒரு சின்ன விஷயம். பரத்பூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் வழியில் கும்ஹேர் என்ற ஊர் வரும். அங்கேயும் ஒரு ஜாட் கோட்டை உண்டு. 1754-இல் மராட்டியர்கள் அதை முற்றுகையிட்டபோது மல்ஹார் ராவ் ஹோல்கரின் மகன் கண்டே ராவ் அங்கே இறந்தார். கண்டே ராவின் மனைவிதான் பிற்பாடு இந்தூர் அரசை ஆண்ட அகல்யாபாய். ஹோல்கரின் மகன் உயிரைப் பறித்த அதே எதிரியின் ஊரில்தான், ஏழே வருடம் கழித்து, மராட்டியர்கள் தஞ்சம் புகுந்தார்கள். 1761 ஜனவரியில் மூன்றாம் பானிபட் போரில் தோற்று, அடிபட்டு, குளிரில் பசியோடு தெற்கே நடந்து வந்தவர்களுக்குச் சூரஜ் மல் சோறும் துணியும் மருந்தும் கொடுத்து அனுப்பி வைத்தார். மராட்டியத் தலைவர் பாஜிராவுக்கும் மஸ்தானிக்கும் பிறந்த ஷம்ஷேர் பகதூர் அந்தப் போரில் பட்ட காயத்தோடு டீக்குக்கு வந்து இங்கேதான் இறந்தார். அரண்மனை மண்டபங்களில் நிற்கும்போது இதை நினைத்துக்கொண்டேன். கேளிக்கைக்காகவே கட்டிய ஓர் ஊருக்குள் அப்படி ஒரு கூட்டம் வந்து சேர்ந்த அந்தத் தை மாதம் எப்படி இருந்திருக்கும்?

சரி, அரண்மனைக்குள் போவோம்.

பிரதான வாயில் சிங் போல், சிங்க வாசல். உள்ளே நுழைந்ததும் நடுவில் நான்காகப் பிரித்த ஒரு தோட்டம். பாரசீகத்திலிருந்து மொகலாயர்கள் கொண்டுவந்த சார்பாக் அமைப்பு. வாய்க்கால்களும் நடைபாதைகளும் குறுக்கும் நெடுக்கும் ஓடி நடுவில் ஒரு எண்கோணக் குளத்தில் சேருகின்றன. தோட்டத்தின் நான்கு பக்கமும் மண்டபங்கள்: மேற்கே கோபால் பவன், வடக்கே நந்த் பவன், தெற்கே கிஷன் பவனும் சூரஜ் பவனும், கிழக்கே ரூப் சாகர் கரையில் கேசவ் பவன். சூரஜ் பவனுக்குப் பின்னால் ஹர்தேவ் பவன். பெயர்கள் எல்லாம் பெரும்பாலும் கண்ணனைச் சுற்றியே வருகின்றன. மொகலாயத் தோட்டத்தின் நடுவே ஒரு கோகுலத்தை வைத்த மாதிரி.

இன்று அங்கே புல்தரைதான் அதிகம். வெட்டி, நேராக்கி, நீர் தெளித்து நன்றாகத்தான் பராமரிக்கிறார்கள். ஆனால் பழைய சார்பாக் என்பது புல்வெளி கிடையாது. பழமரங்களும் மணக்கும் செடிகளும் அடர்ந்து, நடைபாதை அவற்றுக்கு மேலே கொஞ்சம் உயர்ந்து போகும். நடக்கிறவர் கைக்குப் பூவும் கனியும் எட்டும் உயரம் அது. டீக்கில் அந்த உயரம் மட்டும் இன்னும் இருக்கிறது. நடைபாதையில் நின்றால் தோட்டம் காலுக்குக் கீழே பள்ளமாகத் தெரியும். அந்தப் பள்ளத்தை மரங்களால் நிரப்பிப் பார்த்தால்தான் இந்த இடத்தின் கணக்குப் புரியும். என் கண்ணில் டீக்கின் உண்மையான இடிபாடு இதுதான். கல்லெல்லாம் நன்றாகவே இருக்கிறது. காணாமல் போனது தோட்டம்.

கோபால் பவன்தான் பெரியது. தோட்டத்துப் பக்கமிருந்து பார்க்கும்போது உயரமான ஒற்றை மண்டபம் மாதிரி இருக்கும். ஏரிக்கரையின் எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால் அதே கட்டடம் பல அடுக்குகளாக நீருக்குள் இறங்குகிறது. கீழ் அடுக்குகள் ஏரி மட்டத்தில். தண்ணீர் ஏறும்போது படிகள் முழுகும். கோடையில் மேல்தளம் கொதிக்கும்போது கீழே இறங்கிவிடலாம், தண்ணீரைத் தடவி வரும் காற்று உள்ளே வரும். இரண்டு பக்கமும் இரண்டு சின்ன மண்டபங்கள், கவிழ்த்த படகு போல வளைந்த கூரையோடு. ஒன்றின் பெயர் சாவன், இன்னொன்று பாதோன். மழைக்காலத்து இரண்டு மாதங்களின் பெயர்கள். கட்டடத்துக்கே மாதத்தின் பெயர் வைக்கும் அளவுக்கு மழையை எதிர்பார்த்துக் கிடந்த மண் அது.

கோபால் பவனுக்குள் அருங்காட்சியகம். பரத்பூர் அரச குடும்பம் சுதந்திரத்துக்குப் பிறகும் சில காலம் இதைப் பயன்படுத்தியதால், உள்ளே இருப்பவை பெரும்பாலும் வெள்ளைக்காரர் காலத்துச் சாமான்கள்: சோஃபாக்கள், பங்கா, வேட்டையாடிய விலங்குகள், பளிங்குச் சாப்பாட்டு மேசை. வருகிறவர்கள் நேரமெல்லாம் இங்கேதான் போகிறது. எனக்கு இதில் மனம் ஒட்டவில்லை. அந்த ஜன்னல்களிலிருந்து ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் பிடித்தது. நாற்காலிகள் எந்த அரண்மனையிலும் கிடைக்கும்.

வெளியே வந்தால் முன்னால் ஒரு மேடையில் வெள்ளைப் பளிங்கு ஊஞ்சல் சட்டம். ஹிண்டோலா என்பார்கள். மொகலாயர் அரண்மனை ஒன்றிலிருந்து சூரஜ் மல் வெற்றிப் பொருளாகக் கொண்டுவந்தது என்று சொல்கிறார்கள். 1753-இல் அவர் படை டெல்லியைச் சூறையாடியது. 1761-இல் ஆக்ராக் கோட்டையே அவர் கைக்கு வந்தது. அதனால் பளிங்குத் துண்டுகளும் பதிகல் வேலைப்பாடுகளும் இங்கே வந்து சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. முழுக்கப் பளிங்கில் இருக்கும் சூரஜ் பவனைப் பார்த்தால் ஆக்ராவின் ஒரு மூலை பெயர்ந்து வந்ததைப் போலத் தோன்றும். அழகுதான். ஆனால் டீக்கின் சொந்த முகம் அந்தப் பளிங்கில் இல்லை, மற்ற மண்டபங்களின் வெளிர்மஞ்சள் மணற்கல்லில் இருக்கிறது.

அந்த முகத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று: இரட்டை இறவாரம். சாதாரணமாக ராஜஸ்தான் கட்டடங்களில் சுவருக்கு மேலே ஒரு சாய்வான கல் இறவாரம் நீட்டிக்கொண்டிருக்கும். டீக்கில் அதற்கு மேலே இன்னொன்று, தட்டையாக, கூரை மட்டத்தில் வெளியே நீள்கிறது. கீழே இருப்பது சரிவு, மேலே இருப்பது சமம். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியக் கட்டடக் கலையைப் பற்றி விரிவாக எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசன் டீக்கில் மிகவும் வியந்தது இதைத்தான். இரண்டு நிழல் கோடுகள் சுவரில் விழுகின்றன. காலையில் ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி. நான் போனது சித்திரை வெயிலில். உச்சி வேளையில் மண்டபத்தின் முன்பக்கம் முழுக்க அந்த இரட்டை நிழலுக்குள் ஒடுங்கியிருந்ததைப் பார்த்தபோது, இதை வரைந்தவர் சூரியனைக் கவனித்துத்தான் வரைந்திருக்கிறார் என்று புரிந்தது. மழைக்கும் இது உதவும். கூரையில் விழும் நீர் சுவரைத் தொடாமல் வெளியே சொட்டும். மழைத்தாரைகள் ஒரு திரையைப் போலத் தொங்கும். உள்ளே இருப்பவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

கேசவ் பவன் நான்கு பக்கமும் திறந்த ஒரு மண்டபம். சுவர் என்று எதுவும் கிடையாது, வளைவுகளும் தூண்களும் மட்டும். உள்ளே மண்டபத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்காலிலும் வெளித்தரையிலும் வரிசை வரிசையாக ஊற்றுத் துளைகள். வளைவுகளுக்கு மேலேயும் சின்னச் சின்னத் துளைகள் உண்டு, அவற்றிலிருந்து தண்ணீர் மழையைப் போலக் கீழே விழும். இடி முழக்கத்துக்கும் வழி செய்திருந்தார்கள். கூரையில் கனமான உருண்டைகளை வைத்து, நீரின் விசையால் அவற்றை உருளவிட்டு இடியோசை எழுப்பினார்கள் என்று சொல்கிறார்கள். ஆக, ஒருவர் மண்டபத்தின் நடுவே உட்கார்ந்தால் தலைக்கு மேலே இடி, நான்கு பக்கமும் மழை, காலைச் சுற்றி ஆறு. வெளியே மே மாத வெயில்.

இது வெறும் விளையாட்டு மட்டும் இல்லை. விரஜ பூமியின் கோடை மிகவும் வறண்டது. லூ என்று ஓர் அனல்காற்று மேற்கேயிருந்து வீசும். வெயில் 45 டிகிரிக்கு மேல் போகும் நாட்கள் சாதாரணம். காற்றில் ஈரம் இல்லாத அந்த வேளையில் தண்ணீரைத் தூளாக்கிக் காற்றில் விட்டால், அது ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். சுவரில்லாத மண்டபத்தின் வழியாகக் காற்று ஓடும்போது உள்ளே வந்து சேர்வது குளிர்ந்த காற்று. இன்றைய ஏர் கூலர் செய்வதும் இதே வேலைதான். ஒன்று கவனியுங்கள்: உண்மையான மழைக்காலத்தில், காற்று முழுக்க ஈரமாக இருக்கும்போது, இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. ஊரெல்லாம் இதை மழைக்கால மண்டபம் என்கிறது. எனக்கென்னவோ இது மழைக்கு முந்திய மாதங்களுக்கான மண்டபம் என்றே படுகிறது. வானம் கொடுப்பதற்கு முன்பே மழையை வரவழைத்துப் பார்க்கும் ஆசை.

அந்த ஆசைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. விடை கிஷன் பவனை ஒட்டி உயரத்தில் இருக்கிறது: மாடி மட்டத்தில் கட்டிய ஒரு மாபெரும் தொட்டி. லட்சக்கணக்கான லிட்டர் கொள்ளும். அதன் எடையைத் தாங்க அடியில் திடமான கட்டுமானம். தொட்டியின் உட்சுவரைச் சுற்றிலும் துளைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு தனிக் குழாய் சுவருக்குள் இறங்கி, தரைக்கடியில் ஓடி, தோட்டத்தில் தனக்கென்று குறித்த ஊற்றுக்குப் போகிறது. எந்தத் துளை எந்த ஊற்று என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அத்துப்படியாக இருந்திருக்க வேண்டும். அடைப்பை எடுத்தால் அந்த ஊற்று எழும், அடைத்தால் நிற்கும். இயற்பியல் எளிமையானது. தண்ணீர் தன் மட்டத்தைத் தேடும், உயரம் எவ்வளவோ அவ்வளவு அழுத்தம். தொட்டி உயரத்தில் இருப்பதால் கீழே ஊற்று தானாகப் பீறிடும். ஆனால் எளிமையான விதியை நூற்றுக்கணக்கான ஊற்றுகளுக்கு ஒரே சமயத்தில் பொருத்துவது எளிமையான வேலை இல்லை. தூரத்து ஊற்றுக்கும் பக்கத்து ஊற்றுக்கும் குழாயின் நீளம் வேறு, உராய்வில் போகும் விசை வேறு. அத்தனையும் எழும்பியாக வேண்டும்.

வண்ணத்துக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். சாயப்பொடியைச் சின்னத் துணி முடிச்சாகக் கட்டித் துளைக்குள் செருகிவிட்டால், அந்தக் குழாய் வழியாகப் போகும் தண்ணீர் நிறமேறி வெளியே வரும். ஒரு ஊற்று சிவப்பு, அடுத்தது பச்சை, அதற்கடுத்தது மஞ்சள். ஹோலி விரஜ பூமியின் பெரிய பண்டிகை என்பதை நினைத்துக்கொண்டால், ஒரு தோட்டமே ஹோலி ஆடும் காட்சி கண்ணுக்கு வந்துவிடும்.

தொட்டியைக் காட்டிய வயதான காவலாளி ஒரு துளையைச் சுட்டி, “கையை வெச்சுப் பாருங்க தீதி, உள்ளே எவ்வளவு வழவழன்னு இருக்கு” என்றார். இந்தியில்தான் சொன்னார்; தீதி என்றால் அக்கா. அவர் குரலில் தன் வீட்டுக் கிணற்றைக் காட்டுகிறவரின் உரிமை இருந்தது. சுற்றுலா வருகிறவர்களில் யாராவது இதைப் பற்றிக் கேட்பார்களா என்று கேட்டேன். “எல்லாரும் அருங்காட்சியகத்துல இருக்கிற யானையோட கால் எங்கேன்னு கேட்பாங்க. தண்ணி எப்படி வருதுன்னு கேட்கிறவங்க கொஞ்சம் பேர்தான்” என்றார்.

தொட்டியை நிரப்பிய விதம்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. கிணற்றிலிருந்து மாடுகளைப் பூட்டித் தோல் வாளியால் இறைத்து மேலே ஏற்றினார்கள். நம் ஊரில் கமலை என்போம். சரிவான பாதையில் மாட்டை முன்னும் பின்னும் நடத்தி, வடத்தில் கட்டிய தோல் வாளியை மேலே இழுத்து ஊற்றுவது. வடக்கே அந்தத் தோல் வாளியைச் சரஸ் என்பார்கள். வயலுக்கு இறைப்பதென்றால் கிணற்று வாய் வரை ஏற்றினால் போதும். இங்கே கிணற்றுக்கு மேலே இன்னும் மாடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். தொட்டி நிரம்ப நாட்கணக்கில் ஆகும். திறந்துவிட்டால் சில மணி நேரத்தில் காலியாகிவிடும். அரசரின் ஒரு மாலைப் பொழுதுக்காக எத்தனை மாடுகள், எத்தனை பேர், எத்தனை நாள் வெயிலில் நடந்திருப்பார்கள்! கேசவ் பவனைப் புகழ்கிறவர்கள் இந்தப் பாதையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே மழை வந்தது மாடுகளின் முதுகின் மேல்.

இப்போது மோட்டார் வைத்து நிரப்புகிறார்கள். ஆண்டில் ஓரிரு முறை, திருவிழா நாட்களில் மட்டும் ஊற்றுகளைத் திறந்துவிடுகிறார்கள். மற்ற நாட்களில் எல்லாம் வறண்டு கிடக்கிறது. நான் பார்த்ததும் வறண்ட டீக்தான். காலியான வாய்க்கால், தூசு அடைத்த துளைகள். நாதஸ்வரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினால் எப்படியோ அப்படி.

கோட்டைக்கு வருவோம். அரண்மனையிலிருந்து கொஞ்சம் நடந்தால் வந்துவிடும். ஏறக்குறைய சதுர வடிவம், சுற்றிலும் அகழி, பருத்த மதில், பன்னிரண்டு கொத்தளங்கள். இவற்றில் உயரமானது வடமேற்கு மூலையில் இருக்கும் லாகா புர்ஜ். மேலே ஒரு பீரங்கி இருக்கிறது. ஏறிப் பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்றால் பெரும்பாலும் புதர்தான். இடிந்த மாளிகைச் சுவர்கள், முளைத்து வந்த மரங்கள், மயில்கள். அரண்மனையில் டிக்கெட், தோட்டக்காரர், அறிவிப்புப் பலகை எல்லாம் உண்டு. இங்கே எதுவும் இல்லை. பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அழகான அரண்மனைக்கு வரும் கவனம் அழகில்லாத கோட்டைக்கு வருவதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. அரண்மனையைக் காத்து நின்றதே இந்தக் கோட்டைதான்.

கோட்டைக்கும் நீர்தான் பலம். சுற்றிலும் தாழ்வான நிலம். மழைக்காலத்தில் ஊரைச் சுற்றிச் சதுப்பாகிவிடும், பீரங்கி வண்டியை இழுத்து வர முடியாது. 18-ஆம் நூற்றாண்டில் ஜாட் அரசர்கள் இந்தப் பக்கத்துச் சின்ன ஆறுகளையும் வெள்ளத்தையும் நன்றாகவே படித்து வைத்திருந்தார்கள். பரத்பூரில் சூரஜ் மல் காலத்தில் கட்டிய அஜன் அணையின் நீர்தான், பிற்காலத்தில் கேவலாதேவ் பறவைகள் சரணாலயமாக மாறிய பள்ளத்தை நிரப்பியது. கொக்குகளைப் பார்க்கப் போகிறவர்கள் பலருக்கு அந்தச் சதுப்பில் இப்படி ஒரு கை இருப்பது தெரியாது. டீக்கின் இரண்டு ஏரிகளும் அகழியும் பரத்பூரின் அணையும் எல்லாம் ஒரே சிந்தனையிலிருந்து வந்தவை: வெள்ளத்தைப் பிடித்து வை, எதிரியைத் தடுக்கவும் பயன்படும், கோடையைக் கடக்கவும் பயன்படும்.

அந்தக் கோட்டையும் ஒரு நாள் விழுந்தது. சூரஜ் மல் 1763 டிசம்பரில் ஹிண்டன் ஆற்றுப் பக்கம் ரோஹில்லா ஆப்கானியர்களின் படையோடு மோதிக் கொல்லப்பட்டார். மகன் ஜவாஹர் சிங் பழிவாங்க டெல்லி மேல் படையெடுத்தார். அவருக்குப் பின் வாரிசுச் சண்டை. 1776-இல் மொகலாயத் தளபதி நஜஃப் கான் டீக்கைப் பிடித்தார். பிறகு ஊர் மறுபடி பரத்பூர் அரசின் கைக்கு வந்தது. 1804-இல் ஆங்கிலேயரோடு போரிட்ட யஷ்வந்த் ராவ் ஹோல்கரின் படை டீக்கில் வந்து நின்றது. ஐம்பது வருடம் முன் கும்ஹேரை முற்றுகையிட்ட அதே ஹோல்கர் குடும்பம்தான். நவம்பர் 13 அன்று ஊருக்கு வெளியே கடும் போர். ஆங்கிலேயத் தளபதி ஃபிரேசர் அதில் பட்ட காயத்தால் இறந்தார். டிசம்பர் கடைசியில் மதிலில் பிளவு உண்டாக்கிக் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். அதே வேகத்தில் பரத்பூருக்குப் போன ஜெனரல் லேக் நான்கு முறை மோதியும் அதன் மண்மதிலை உடைக்க முடியாமல் திரும்பினார். டீக் விழுந்த சில வாரங்களுக்குள் நடந்தது இது. பரத்பூருக்கு லோஹாகட், இரும்புக்கோட்டை, என்ற பெயர் நிலைத்துவிட்டது. டீக்குக்கு அந்தப் பெயரெல்லாம் கிடைக்கவில்லை. ஆனால் இத்தனைக்கும் நடுவில் ஊற்றுக் குழாய்களும் மாடித் தொட்டியும் தப்பிப் பிழைத்திருப்பதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இன்றைய ஏரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கோபால் சாகர் தண்ணீர் பச்சையாக இருந்தது. ஒரு பக்கம் துணி துவைக்கிறார்கள், இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் பைகள் ஒதுங்கிக் கிடந்தன. ஊர் மக்களுக்கு அது வாழும் குளம். அதை வேலிபோட்டுப் பூட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஏரி கெட்டால் கோபால் பவனும் பாதி கெட்டது மாதிரிதான், அந்தக் கட்டடத்தின் பின்பக்கம் முழுக்க ஏரியை நம்பிக் கட்டியது. தொல்லியல் துறையின் காப்பு கட்டடத்தின் கடைசிப் படியோடு நின்றுவிடுகிறது என்பது போலத் தெரிகிறது. படிக்குக் கீழே இருப்பதும் அரண்மனைதான்.

எனக்கு இரண்டு ஆசைகள் உண்டு. ஒன்று, வாசலிலேயே இந்த நீரமைப்பை விளக்கும் ஒரு பெரிய படம் வைக்க வேண்டும்: கிணறு, மாட்டுப் பாதை, தொட்டி, குழாய், ஊற்று என்று. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவர் ஒவ்வொரு துளையிலும் நின்று குனிந்து பார்ப்பார். இன்னொன்று, அத்தனை ஊற்றுகளையும் திறக்க முடியாவிட்டாலும் கேசவ் பவனின் ஒரு பக்கத்தையாவது வாரம் ஒரு முறை ஓடவிட வேண்டும். விழுந்த தண்ணீரைப் பிடித்து மறுபடி ஏற்றலாம், மோட்டார்தான் இருக்கிறதே. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கே நின்று ஒரு தடவை நனைந்தால் போதும், அழுத்தம் என்றால் என்ன என்று ஜன்மத்துக்கும் மறக்காது.

போக நினைப்பவர்களுக்கு: டீக்கில் தங்கும் வசதி குறைவு. பரத்பூரிலோ மதுராவிலோ தங்கிக்கொண்டு காலையில் கிளம்புங்கள். மதுரா பக்கமிருந்து வந்தால் வழியில் கோவர்தனத்துக்கு அருகே குசும் சரோவர் இருக்கிறது. படித்துறை கட்டிய அழகான குளம், கரையில் ஜவாஹர் சிங் தன் தந்தை சூரஜ் மல்லுக்கு எழுப்பிய நினைவு மண்டபம். உள்கூரையில் ஓவியங்கள் உண்டு, அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள். டீக்கில் நுழைந்ததும் கோபால் பவன் வரிசையில் நிற்காமல் நேராகக் கிழக்கே கேசவ் பவனுக்குப் போய்விடுங்கள், வெயில் ஏறுவதற்கு முன். அப்புறம் கிஷன் பவன் பக்கம் வந்து தொட்டியைப் பார்க்க முடியுமா என்று காவலாளியிடம் மரியாதையாகக் கேளுங்கள். கோட்டைக்குச் செருப்பு போதாது, முள் அதிகம், ஷூ போட்டுக்கொண்டு போங்கள். திருவிழா சமயத்தில் ஊற்றுகளைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், எந்த நாளில் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே ராஜஸ்தான் சுற்றுலாத் துறையிடம் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். சில மணி நேரம்தான் ஓடும், தாமதமாகப் போனால் ஈரத்தரைதான் மிஞ்சும்.